மேலக்காவின் மலை

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிவிடுவாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி, விரல்கள் லேசாக விரிந்தபடி. மழை வருகிறதா என்று பார்ப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். அவள் பார்ப்பது காற்றை. விரலிடுக்குகளில் அது எப்படி நுழைந்து போகிறது என்பதை வைத்து, "மத்தியானம் வரைக்கும் ஓட்டலாம், அதுக்கப்புறம் உக்காந்து வேடிக்கைதான்" என்று வீட்டுக்குள் திரும்பிச் சொல்வாள். வீட்டுக்குள் அதைக் கேட்க ஆள் இருக்காது. கணவர் பேக்கரியில் இரவு வேலை முடித்துவிட்டு, புருவத்தில் ஒட்டிய மாவோடு அப்போதுதான் கண் அயர்ந்திருப்பார். பிள்ளைகள் எழுந்திருக்க நேரமிருக்கும். எதிர் வீட்டு ஜன்னலில் காபியோடு நிற்கும் நான்தான் அந்த வானிலை அறிக்கைக்கு ஒரே நேயர்.

அவள் டவர் கிரேன் ஓட்டுபவள். எங்கள் தெருக்கோடியில் எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் தலைக்கு மேலே நெட்டையாக ஒரு மஞ்சள் இரும்பு நிற்கிறதே, அதன் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிதான் அவளுடைய அலுவலகம். கீழே இருப்பவர்கள் வாக்கி டாக்கியில் அவளை "மேலக்கா" என்பார்கள். "மேலக்கா, கம்பிக்கட்டு ரெடி, தூக்குங்க." "மேலக்கா, இன்னும் ஒரு சாண் இடது பக்கம்." அந்தப் பெயர் வாக்கி டாக்கியிலிருந்து இறங்கி, கடைத்தெரு வழியாக நடந்து, எங்கள் குடியிருப்புப் படிகளிலும் ஏறிவிட்டது. என்னைவிட நாலைந்து வயது இளையவள், என்னை அக்கா என்பாள். நான் அவளை மேலக்கா என்பேன். எங்கள் இருவரில் யார் தங்கை என்பது இன்னும் தீராத வழக்கு.

மனிதர்களை அவளுக்கு உச்சந்தலையாகத்தான் அதிகம் தெரியும். படிக்கட்டில் என் தலையைப் பார்த்துவிட்டு, "அக்கா, வகிடு அகலமாயிட்டே வருது, கவனிங்க" என்று கூசாமல் சொல்வாள். வீட்டிலும் தொழில் பாஷைதான். மகள் பால் டம்ளரை மேசையில் வைக்கும்போது, "மெதுவா... இன்னும் மெதுவா... தொட்டாச்சு, விடு" என்பாள். மகன் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன். அவனுக்கு ஒரு கை சைகை போதும்: உள்ளங்கையைக் கீழே கவிழ்த்துக் குறுக்கே ஓர் அசைப்பு. 'நிறுத்து' என்று அர்த்தம். அது கம்பிக்கட்டிடம் பலிக்கும் அளவுக்கு அவனிடம் பலிக்காது.

பிள்ளைகள் இரண்டு. பெரியவனுக்கு எட்டு வயது. சின்னவளுக்கு ஐந்து, வாண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர்கள் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் கிரேன் நன்றாகத் தெரியும். வாண்டுக்கு அது பெருமையாக இருந்தது, போன வருஷம் ஒரு புயல் மாலை வரும் வரை.

அன்று வாண்டின் அப்பா வேலைக்குக் கிளம்பிவிட்டார். பிள்ளைகள் என் பொறுப்பில் இருந்தார்கள். மழை தொடங்கும் முன்பே காற்று பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் எல்லோரும் தளத்தைவிட்டு ஓடிவிட்டார்கள். மேலக்கா மட்டும் இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டாள். அந்தக் காற்றில் இரும்பு ஏணியில் கால் வைப்பதைவிட, கேபினிலேயே உட்கார்ந்திருப்பது மேல். மழை இறங்கியதும் நான் துணி எடுக்க அவர்கள் பால்கனிக்குப் போனபோது வாண்டு அங்கே நின்றுகொண்டிருந்தாள். கிரேனின் நீண்ட கை தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் போய், யோசித்து, மறுபக்கம் விசுக்கென்று திரும்பியது. "அம்மா சுத்துறா" என்றாள் வாண்டு, மிக மெதுவாக. உள்ளே தூக்கிப்போக முயன்றேன். கம்பியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

காற்று அடங்கியதும் மேலக்கா வந்து சேர்ந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். கதவைத் திறந்ததும், "காசு குடுக்காம ராட்டினம் சுத்திட்டு வந்திருக்கேன்" என்று சிரித்தாள். "பயமா? எனக்கா?" என்றாள். பெரியவன் கூடச் சேர்ந்து சிரித்தான். வாண்டு சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து மேலக்காவின் பூட்ஸில் ஒன்று காணாமல் போக ஆரம்பித்தது. ஒருநாள் வாஷிங் மெஷினுக்குள் கிடந்தது, ஒருநாள் என் வீட்டுக் குடைகளுக்கு நடுவே. கெஞ்சியும் மிரட்டியும் பார்த்துவிட்டு, குழந்தை எழுவதற்கு முன்பே நழுவிப்போகத் தொடங்கினாள் மேலக்கா. பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கி, கீழ்ப்படியில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வாள். பலன் என்னவென்றால், வாண்டு அம்மாவின் பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கப் பழகினாள். பள்ளியில் ஜன்னல் பக்கம் உட்கார மறுத்தாள். மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

கட்டட என்ஜினீயர் நல்ல மனிதர். விஷயம் தெரிந்து, கீழே ஸ்டோரில் ஒரு வேலை காலியாக இருக்கிறது, வந்துவிடலாம் என்றார். அன்று மாலை மேலக்கா படிக்கட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இறங்கிடலாமான்னு இருக்கு அக்கா."

"உனக்கு இஷ்டமா?"

கொஞ்ச நேரம் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள், கட்டினாள். "அங்க போய் உக்காந்தா என் உடம்பு லேசாயிடுது. அது யாருக்கும் சொல்லிப் புரியாது. ஆனா அவ முகத்தைப் பாத்துட்டு இனிமே ஏற முடியாது போல."

அப்புறம் ஒரு மாதம் இந்தப் பேச்சே இல்லை; மேலக்கா கிரேனுக்கே போய்வந்தாள். பிறகு ஒருநாள் ஜன்னல் வழியாகவே கேட்டாள்: "அக்கா, லீவுக்கு மலையேற வர்றீங்களா? பெரிய மலை. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன். ஆளுக்கு ஒரு பெரியவங்க வேணும். அவரைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியுமே."

எனக்குத் தெரியும். அவள் கணவருக்கு ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டுவதே மலையேற்றம். வீட்டில் பல்பு மாட்டுவது மேலக்காதான்.

"எதுக்கு இந்த வேலை?" என்றேன். எனக்கோ பத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்தும் உத்தியோகம். எழுத்துப் பிழையைத் துரத்துவதைத் தாண்டி உடற்பயிற்சி கிடையாது.

"மேல போனா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியல. கிரேன்ல குழந்தையை ஏத்த விட மாட்டாங்க. மலையில ஏத்தலாம்ல."

அவசரப்பட்டுக் கிளம்பிவிடவில்லை. பல ஞாயிற்றுக்கிழமைகள் ஊருக்கு வெளியே சின்னச் சின்னக் குன்றுகளில் பிள்ளைகளை நடக்கவிட்டாள். வேலைத்தளத்தில் கழித்துக்கட்டிய பெல்ட் நாடாவை வெட்டித் தைத்து, இரண்டு பேருக்கும் அளவாக இடுப்புப் பட்டை செய்தாள். கணவர் நாள்கணக்கில் கெடாத ரொட்டியாகப் பார்த்துச் சுட்டார். மலையின் தோளில் ஒரு விடுதி இருக்கிறது, அதுவரை ஜீப் போகும். அவரும் கண்ணை மூடிக்கொண்டு அதுவரை வந்தார்.

விடுதிக்காரர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மேலக்காவைப் பார்த்தார். "உச்சிக்கா? இவங்களை வச்சுக்கிட்டா?"

"முடிஞ்ச வரைக்கும்."

"பாதிப் பேர் திரும்பி வந்துடுவாங்கம்மா."

"திரும்பறது எனக்குப் பழக்கம்தாண்ணே. காத்து சரியில்லைன்னா பாதி வேலையில எறங்கி வர்றவதான் நான்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. காற்றின் குணம், பனி உறைந்து கிடக்கும் இடம், மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டிய கணக்கு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். அந்த உயரத்துக்கு உடம்பு பழகட்டும் என்று ஒரு முழு நாள் விடுதியிலேயே இருந்தோம். பெரியவன் விடுதிக்காரரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்தான். வாண்டு அம்மாவின் கோட்டு நுனியைவிட்டு நகரவில்லை.

விடியும்போது கிளம்பினோம். பிள்ளைகளின் அப்பா வாசலில் நின்று வாண்டின் தொப்பியை மூன்றாம் முறையாகச் சரிசெய்தார். "நான் இங்கயே நிக்கிறேன், எங்கயும் போக மாட்டேன்" என்றார். மலையேறுவது நாங்கள், ஆறுதல் தேவைப்பட்டது அவருக்கு.

மேலக்கா நடந்த நடையை நடை என்று சொல்ல முடியாது. ஒரு காலை வைத்து, அது மண்ணோடு பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த காலை எடுப்பாள். வாண்டு அவள் கையில், பெரியவன் என் கையில். மலைக்கு என்ன வயது, உள்ளே காலியாக இருக்குமா, மலை இன்னும் வளருமா என்று அவன் கேட்டுக்கொண்டே வந்தான். பதில் சொல்லி எனக்கு மூச்சு வாங்கியது. முன்னாலிருந்து திரும்பாமலே மேலக்கா சொன்னாள்: "வாய்க்கும் காலுக்கும் ஒரே மூச்சுதான்டா. பாத்துச் செலவு பண்ணு." இளைஞர்கள் சிலர் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் வாண்டைப் பார்த்து, "சூப்பர் பாப்பா" என்றான். பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உச்சி எவ்வளவு தூரம் என்று மேலக்கா ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "அந்தக் கறுப்புப் பாறை வரைக்கும் போவோம், அங்க பேரீச்சம்பழம்" என்பாள். கறுப்புப் பாறையில் பேரீச்சம்பழம் கிடைக்கும். "அந்த வளைஞ்ச மரம் வரைக்கும், அங்க முட்டை." மரங்கள் முதலில் குள்ளமாயின, பிறகு புதராயின, பிறகு இல்லாமலே போயின. காதுக்குள் காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. நிழலான பள்ளங்களில் பழைய பனி அழுக்கு நிறத்தில் கிடந்தது. பெரியவன் அதைத் தொட்டுப் பார்த்து ஏமாந்து, "ஃப்ரிட்ஜ்ல இருக்கறதே நல்லா இருக்கு" என்றான்.

உச்சிக்குக் கீழே ஒரு முகடு. இரண்டு பக்கமும் சரிவு. நடக்க அகலம் போதுமென்றாலும் காற்றுக்கு ஒதுங்க இடமில்லை. "நான் போய்க் காத்து எப்படியிருக்குன்னு பாத்துட்டு வரேன்" என்று மேலக்கா வாண்டின் கையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். முகட்டின் மேல் நிமிர்ந்து நின்றாள். காற்று அவள் கோட்டை உப்ப வைத்தது. அவள் லேசாக ஆடினாள், காலை அகட்டிக்கொண்டாள்.

என் கையிலிருந்த சின்னக் கை கல்லாகிவிட்டது. வாண்டு அப்படியே உட்கார்ந்தாள். "அம்மா, எறங்கு" என்றாள். கத்தவில்லை. அந்தச் சத்தம் அம்மாவை எட்டியிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் மேலக்கா திரும்பிப் பார்த்தாள், உடனே இறங்கிவிட்டாள்.

ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் காற்று படாமல் நால்வரும் ஒடுங்கினோம். வாண்டு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "மேல போகாத."

"சரி, போகல."

"கிரேன்லயும் போகாத. அது சுத்தும்."

மேலக்கா கழுத்திலிருந்த கம்பளித் துண்டை உருவினாள். வாண்டைப் பாறையின் ஓரத்துக்கு மடியோடு நகர்த்திக்கொண்டு, துண்டின் இரண்டு முனையையும் பிடித்துக் காற்றில் நீட்டினாள். துண்டு உப்பி, திமிறி, அவள் கையையே இழுத்தது. "பிடிச்சு வச்சா எப்படிச் சண்டை போடுது பாரு. இப்ப ஒரு பக்கம் விடறேன்." விட்டாள். துண்டு காற்றோடு நீண்டு, அமைதியாகப் படபடத்தது. "கிரேன் கையும் அப்படித்தான். பெருங்காத்து வந்தா பிரேக்கை எடுத்து விட்டுடணும். அது பாட்டுக்குக் காத்து போற பக்கம் திரும்பிக்கும். பிடிச்சு வச்சாத்தான் ஒடியும். அன்னைக்கு அது தானா சுத்தல. நான்தான் விட்டேன்."

வாண்டு துண்டைப் பார்த்தாள். "நீயா விட்ட?"

"நான்தான்."

"உனக்குப் பயமா இருந்துச்சா?"

பழைய பதில் அவள் உதடுவரை வந்ததை நான் பார்த்தேன். வாய்கூடத் திறந்துவிட்டது. மூடிக்கொண்டாள். பெரியவன் கூட பிஸ்கட் மெல்வதை நிறுத்தியிருந்தான்.

"இருந்துச்சு" என்றாள். "ரொம்ப."

"அப்ப ஏன் சிரிச்ச?"

"நீ பயந்துடுவியேன்னு."

"நான் பயந்துட்டேன்தானே. நீ சிரிச்ச. நான் மட்டும்தான் பயந்தேன்னு நெனச்சேன்."

மேலக்கா துண்டை மடித்தாள், பிரித்தாள். பிறகு குழந்தையின் தொப்பிக்குள் வாயை வைத்துக்கொண்டு பேசினாள். எனக்குப் பாதிதான் கேட்டது. "பால்கனியைப் பாத்தேன். நீ மஞ்சள் சட்டை போட்டு நின்னுட்டிருந்த. அந்த மஞ்சளையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் பெரியம்மா உன்னை உள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"என்னைத் தெரிஞ்சுதா உனக்கு?"

"நல்லாத் தெரிஞ்சுது. கை ஆட்டினேன்."

"எனக்குத் தெரியல."

"கண்ணாடியில தண்ணி ஓடிச்சில்ல. எப்படித் தெரியும்."

அன்று அவளை உள்ளே தூக்கிப்போன கைகள் என்னுடையவை. நான் என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திரும்பிடலாமா?" என்றாள் மேலக்கா. "நிஜமாத்தான் கேக்கறேன். இதுவரைக்கும் வந்ததே பெருசு."

வாண்டு யோசித்தாள். "காத்து இப்ப எப்படி இருக்கு?"

"பலமா இருக்கு. கொஞ்ச நேரத்துல குறையலாம். குறையலைன்னா நானும் போக மாட்டேன், உங்களையும் விட மாட்டேன்."

காத்திருந்தோம். ரொட்டி தின்றோம். கேள்விகளுக்குத் தடை நீங்கிவிட்டதென்று பெரியவன் எங்கிருந்து காற்று வருகிறது என்று ஆரம்பித்தான். ஒரு கட்டத்தில் துண்டு மேலக்காவின் மடியில் துவண்டு விழுந்தது. வாண்டுதான் எழுந்தாள், இடுப்புப் பட்டையைத் தானே இழுத்துப் பார்த்தாள். "நான் முன்னாடி. நீ என் பின்னாடி வா."

அப்படித்தான் முகட்டைக் கடந்தோம். ஐந்து வயசுக்காரி முன்னால், பட்டையைப் பிடித்தபடி அம்மா, அதற்குப் பின்னால் நாங்கள். கடைசிச் சரிவில் இரண்டு கையும் ஊன்றித் தவழ்ந்தாள் வாண்டு, நானும்தான்.

உச்சியில் ஒரு கற்குவியலும் மேகமும் இருந்தன. "ஒண்ணுமே தெரியல" என்று பெரியவன் உதட்டைப் பிதுக்கினான். சற்று நேரத்தில் மேகம் கிழிந்தது. கீழே, நினைத்ததைவிட ரொம்பக் கீழே, தீப்பெட்டி அளவில் விடுதிக் கூரை. அதன் முன்னால் ஒரு புள்ளி. அது நகரவே இல்லை.

"அப்பா" என்றாள் வாண்டு. கையை ஆட்டினாள். இரண்டு கையையும் ஆட்டினாள். புள்ளி அசையவில்லை. அவள் கையை இறக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "நாம நல்லா இருக்கோம்னு அவருக்குத் தெரியாதில்ல?"

"தெரியாது."

"பாவம். சீக்கிரம் போய்ச் சொல்லணும்."

போட்டோவுக்குக்கூட நிற்கவில்லை. மேலக்கா மட்டும் ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். தோள்கள் தளர்ந்து முகம் மிருதுவாகியிருந்தது. உடம்பு லேசாகிவிடும் என்று அவள் சொன்னதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். வாண்டும் அதைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்; அம்மாவை அண்ணாந்து பார்த்தபடி கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.

கீழே விடுதியில் ஒரே வேடிக்கை. பிள்ளைகளின் அப்பா நிலைகொள்ளாமல், மலையைப் பார்ப்பதும் சமையலறைக்குப் போய் மாவு பிசைவதுமாக இருந்திருக்கிறார். விடுதிக்காரரின் மாவு மூட்டை பாதி காலி. வந்து தங்கியவர்கள் எல்லோர் கையிலும் சூடான ரொட்டி. வாண்டு அவர் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க நல்லாதான் இருந்தோம்ப்பா. உங்களுக்குத்தான் தெரியல." அவர் தலையை ஆட்டினார். மேலக்கா அவர் தோளில் முகத்தை ஒரு கணம் சாய்த்துவிட்டு, அவர் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கித் தின்றாள்.

மலையேறிவிட்டு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வாண்டு இப்போதும் பால்கனிக்கு எப்போதாவதுதான் போகிறாள். காற்றடிக்கும் நாளில் வயிறு வலிக்கிறது என்பாள். ஆனால் சாப்பாட்டு டப்பா மிச்சமில்லாமல் திரும்புகிறது. ஸ்டோர் வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

லீவு முடிந்த முதல் நாள் காலை, இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மேலக்கா வேலைக்குத் தயாராக, தோளில் பையோடு நின்றிருந்தாள். படுக்கையில் வாண்டு நல்ல தூக்கத்தில் இருந்தாள். இப்படியே போய்விட்டால் சத்தமில்லாமல் போய்விடலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவள் பையை இறக்கி வைத்தாள். கட்டிலருகே மண்டியிட்டு, குழந்தையின் தோளை உலுக்கினாள்.

"வாண்டு, எழுந்திரு. அம்மா மேல போறேன்."

வாண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "பயமா இருக்கா?"

மேலக்கா உண்மையாகவே யோசித்தாள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குழந்தையின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, நடுவில் ஒரு கடுகு நுழையும் அளவுக்கு இடம் விட்டுக் காட்டினாள்.